காசில்லாமல் கொழும்பு பார்த்த நாள்

கொழும்பு, கிராண்ட்பாஸ்
2025 மே 19

விஜயகலா அக்காவுக்கு,

2025 மே 12, வெசாக் போயா, புத்தருடைய பௌர்ணமி விடுமுறை. விடியற்காலை மூன்றரை மணி. தோட்டத்து லய வரிசை வீடுகளின் வாசலில் பஸ் ஏறியவர்கள் ஐம்பத்திரண்டு பேர். ஏழு மணிக்கு விகாரமகாதேவி பூங்காவில் என் முன்னால் இறங்கியவர்கள் ஐம்பத்தொரு பேர். நம் கருப்பாயி சித்தி மகன் கிருஷாந்த் வாந்தி வருகிறது என்று அவிசாவளையில் இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். மற்ற எல்லோரையும் எண்ணி வாங்கினேன், ஒரு கீறல் இல்லாமல் எண்ணித் திருப்பி அனுப்பினேன். எனக்கு இருந்த பொறுப்பு அது. அதில் பிழை இல்லை.

நீ என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். சரி. பிஸ்கட் லொறி ஓட்டும் ஸாஜித் நானா தினமும் இரத்தினபுரிக்கு வருகிறார். ஆஸ்பத்திரி வாட்டில் உன் கையிலேயே இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தோட்ட ஆபிசுக்குத் தபாலில் போட்டால் உனக்கு வருவதற்குள் ஊரே படித்துவிடும். போன தடவை அவரிடம் "என் தம்பி செத்துட்டான்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாயாம். நான் சாகவில்லை. படி.

இலவச பஸ்ஸை ஏன் நம்பினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாணிக்கக் குழி முதலாளி வெசாக்குக்குப் புண்ணியம் செய்கிறேன் என்று பஸ் கொடுத்தார். கிருஷாந்த் அவரிடம் மண் தோண்டும் பெக்கோ ஓட்டுகிறான், அவன்தான் செய்தி கொண்டுவந்தான். லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்திகளை முதலாளி இரண்டு வருடமாகக் கேட்கிறார், நாம் கொடுக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். போயா நாளில் எவன் மண்ணைத் தோண்டுவான் என்று நினைத்தேன். டயர் நல்லதா, டிரைவர் குடிக்கிறவரா, இந்த இரண்டைத்தான் கேட்டேன்.

மற்றபடி அந்த நாளின் திட்டம் முழுக்க என்னுடையது. வெசாக் அன்று ஒரு குடும்பம் சட்டைப் பையில் கை விடாமல் கொழும்பைச் சுற்றலாம் என்று நான் சொன்னபோது நீங்கள் யாரும் நம்பவில்லை. சுற்றினோமா இல்லையா? காலையில் பூங்கா. ஊஞ்சலுக்குக் காசு கிடையாது. பிறகு நான் லிப்ட் பழுது பார்க்கும் கடைத்தொகுதி. காவலாளி கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தார், நான் என் அடையாள அட்டையைக் காட்டிப் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டேன். கண்ணாடி லிப்டில் ஐந்தாம் மாடி வரை. நகரும் படிக்கட்டில் கருப்பாயி சித்தி சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இது என்னைய முழுங்கப் போகுது!" என்று கத்தினார். ஏசிக் காற்று வாங்கவும் ஒரு சதம் இல்லை. பகலுக்கு நூடில்ஸ் தன்சல், பிறகு கடலைத் தன்சல், வரிசையில் நின்றால் யாருக்கும் இலவசச் சாப்பாடு. இரண்டு மணிக்குக் காலிமுகத்திடல். உன் மகள் கோகிலா முதல் தடவையாகக் கடலில் கால் வைத்தாள்.

மூன்று நாற்பதுக்கு என் போன் அதிர்ந்தது.

தைப்பொங்கலுக்கு லயத்து மூலையில் நான் பூட்டிய கேமராவிலிருந்து. ஊரோடு வெளியே போனால் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது நம் லயத்து வழக்கம், இந்தத் தடவை முறை உன் வீட்டுக்காரர் சசி மச்சானுக்கு. கேமரா இருக்கும்போது ஆள் எதற்கு, எல்லோரும் வாருங்கள் என்றேன். மச்சான் என்ன சொன்னார்? "கேமரா கொரைக்குமாடா?" எல்லோரும் சிரித்தீர்கள். அவர் பிடிவாதமாக நின்றுவிட்டார்.

திரையில் மஞ்சள் பெக்கோ பாத்தியில் ஏறிக்கொண்டிருந்தது. மச்சான் அதன் வாளிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். பின்னாலிருந்து ஒருவன் இரும்பு அலவாங்கால் அவர் முழங்காலின் பின்பக்கம் அடித்தான். அவர் மடங்கினார். முன்னால் இருந்த மூன்று பேரும் வந்தார்கள். ஒருவன் நெஞ்சில் ஏறி நின்றான். ஒருவன் வலது கையை இழுத்து ஒரு கல்லின் மேல் வைத்துப் பிடித்தான். மூன்றாமவன் கத்தியின் முதுகால் அடித்தான், பிறகு கத்தியைத் திருப்பினான். சத்தம் வரவில்லை. கேமராவில் ஒலி இல்லை.

போன் எடுக்க வேண்டுமென்றால் படத்தை மூட வேண்டும். மூடினேன். 119 பொலிஸ், பிறகு 1990 ஆம்புலன்ஸ், பிறகு தோட்டத்து மருந்தக டிஸ்பென்சர். மறுபடி திறந்தபோது கேமரா இல்லை. பிடுங்கிக் குழியில் போட்டுவிட்டார்கள், பதிவு அட்டையும் அதற்குள். ஐந்து மணிக்கு டிஸ்பென்சர் சொன்னார், ஆள் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்று.

உன்னிடம் ஏழு மணிக்குச் சொன்னேன். ஏன் என்றால், பஸ் டிரைவர் முதலாளியின் ஆள். ஐம்பத்தொரு பேர் அழுதுகொண்டு அவனை அடிக்கப் போயிருப்பீர்கள். கிளம்பினாலும் மூன்று மணித்தியால வழி. செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன். நீ அழுதால் ஆம்புலன்ஸ் வேகமாகப் போகாது.

இதில் எந்த இடம் பிழை? எழுது.

கஜேந்திரன்

•

இரத்தினபுரி ஆஸ்பத்திரி
25.5.2025

கஜேந்திரனுக்கு,

பிழை எந்த இடம் என்று கேட்டாய். ஐஸ்கிரீம் இடம்.

நான்கு மணிக்கு ஐஸ்கிரீம் தன்சல் வரிசையில் நின்றோம். எனக்கு ஒரு கோப்பை கிடைத்தது. நீ போய் இன்னொன்று வாங்கி வந்து, "சாப்புடுக்கா, இன்னைக்கு எல்லாம் ஓசிதான்" என்று என் கையில் வைத்தாய். நான் சிரித்தேன். மச்சானுக்கு ஒரு போத்தலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். நீ, "பிடிச்சுக்க" என்றாய். அந்த நேரம் அவர் பாத்தியில் இரத்தத்தில் கிடந்தார். உனக்குத் தெரியும். அவர் தரையில் கிடக்கும்போது நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை என் வாயிலிருந்து நீ பிடுங்கித் தருவாயா?

ஏழு மணிக்கு, வெசாக் தோரணத்தில் லைட் எரிந்து பிள்ளைகள் கைதட்டியபோது, "அக்கா, மச்சானுக்கு ஒரு விபத்து" என்றாய். விபத்தாம். நான் உன்னை அறைந்தேன். அந்தக் கூட்டத்தில் உன் கண்ணாடி எங்கே போய் விழுந்தது என்று தெரியாது. இன்னும் நாலு அறைந்திருக்க வேண்டும்.

இங்கே நடப்பதைக் கேள். வலது கையில் மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். முழங்காலில் கம்பி. அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், கத்தியைப் பிடிக்காத கையை வைத்து என்ன செய்வார்? தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி எறிகிறார். என்னையும் ஒரு தடவை இடது கையால் அடித்துவிட்டார். நான் திருப்பி அடிக்கவில்லை. அதுவே அவருக்குக் கோபம். "அடிடீ, நான் என்ன செத்த பொணமா?" என்று வாட்டே கேட்கக் கத்தினார்.

பொலிஸ் வந்தது. குடித்துவிட்டு நடந்த சண்டை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர் அன்றைக்குத் தேத்தண்ணி தவிர எதையும் தொடவில்லை. மூன்று பேரில் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். பலாங்கொடைப் பக்கத்துக் கூலி ஆட்கள். யார் அனுப்பியது என்று கேட்டால் வாயே திறக்கவில்லையாம். குழி இப்போது ஒரு பனை ஆழத்துக்குப் போய்விட்டது. நம் பீன்ஸ் கொடி, முதலாளியின் தண்ணீர் மோட்டார், எல்லாம் ஒரே சேற்றில்.

இப்போது என் கேள்வி. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முன்னால் மூன்று பேர். பின்னால் ஒருவன். பொலிசுக்கு நீ கொடுத்த வாக்குமூலத்தில் அந்த நான்காவது ஆளை "அடையாளம் தெரியவில்லை" என்று சொல்லியிருக்கிறாய். அதே வாக்குமூலத்தில் நெஞ்சில் ஏறி நின்றவனின் செருப்பு நிறம்கூடச் சொல்லியிருக்கிறாய். ஒரு ஸ்க்ரூ மாறினாலும் கண்டுபிடிக்கிறவன் நீ. அலவாங்கு தூக்கியவன் முகம் தெரியாதா?

பேரை எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

விஜயகலா

•

கொழும்பு
2025 ஜூன் 1

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மருதானை பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் இறங்கி, "மல்லி, டைம் கீயத?" என்று சிங்களத்தில் நேரம் கேட்டான். நேரம் பார்க்கக் குனிந்தேன். ஹெல்மெட்டால் வாயில் அடித்தான். முன்பல் இரண்டு அங்கேயே விழுந்தன. "கோட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தா நாக்கும் போகும்" என்றான், இதைத் தமிழில் சொன்னான், சொல்லிப் பழகிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. என் பையில் இருபத்துநாலு மில்லிமீட்டர் ஸ்பேனர் இருந்தது. அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு சத்தம் கேட்டது. மற்றவன் என் கையை மிதித்தான். நிறுத்தத்தில் நின்ற சனம் எங்களைச் சுற்றி வட்டமாக நின்று பார்த்தது. ஒருத்தர் படம் எடுத்தார். அடித்தவர்கள் மோட்டார் சைக்கிளில் போனார்கள், பஸ் வந்ததும் சனமும் ஏறிப் போய்விட்டது.

ஆகவே முதலாளிக்கு என்னைப் பற்றித் தெரியும். நான் பார்த்தது தெரியும்.

பேரைக் கேட்டாய். எழுத மாட்டேன்.

காரணம் நீ. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இரண்டு கிலோ வெட்டிய கங்காணியைத் தராசுக் கம்பியால் அடித்துத் தோள்பட்டையைக் கழற்றியது யார்? லயத்துக்கு வந்து அசிங்கமாகப் பேசினான் என்று கள்ளச்சாராயம் விற்கிற கசிப்புக்காரன் மேல் கொதிக்கிற தேயிலைச் சாயத்தண்ணீரை ஊற்றியது யார்? எல்லோரும் சிரித்துக்கொண்டு உன்னைப் பெருமையாகப் பேசினார்கள், நானும்தான். இப்போது சிரிக்க முடியாது. உன் அறைக் கூரையில் கவ்வாத்துக் கத்தி செருகியிருக்கிறது. தேயிலைச் செடியைக் கழுத்தோடு வெட்டுகிற கத்தி. என் வாயிலிருந்து பேர் வந்தால் அன்றைக்கே அது கீழே இறங்கும். கோகிலாவுக்கு ஒன்பது வயது. தகப்பனுக்குக் கை இல்லை, தாய் மறியல் கம்பிக்குப் பின்னால் என்றால் அவளை யார் பார்ப்பது?

வழக்கு ஜூன் 18, புதன். பேரைக் கோட்டில் சொல்வேன், அதற்கு முன் யாருக்கும் இல்லை. பொலிசில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த பொலிசில் சொன்னால் அரை மணித்தியாலத்தில் முதலாளிக்குப் போகும், ஒரு மணித்தியாலத்தில் உனக்கு வரும்.

கூலிக்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நான்காவது ஆள் மட்டும்தான் முதலாளியோடு நேரில் பேசுகிறவன். அவன் உயிரோடு, வாயோடு எனக்குக் கோட்டில் வேண்டும். அவனை வெட்டினால் முதலாளிக்குத்தான் லாபம்.

பதினெட்டு வரை சும்மா இரு. இது கெஞ்சல் இல்லை. இப்படித்தான் செய்ய வேண்டும்.

கஜேந்திரன்

•

லயம்
8.6.2025

கஜேந்திரனுக்கு,

பல் போனதற்கு வருத்தம். கை முறியாமல் இருந்ததே.

நீ எழுதாத பேர் தானாக நடந்து வந்தது.

போன திங்கள் கிருஷாந்த் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் இரண்டு தம்பிலி இளநீர். மச்சான் கதவுக்கு முதுகு காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பின்னால் நின்று அவன், "மச்சான், எப்புடி இருக்கீங்க?" என்றான். அவ்வளவுதான். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. கட்டிலிலிருந்து கம்பி வைத்த காலோடு தரையில் விழுந்தார். சாரம் நனைந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்தாள். கிருஷாந்த் இளநீரைப் போட்டுவிட்டுப் போனவன் திரும்பவில்லை.

அவரைத் துடைத்துப் படுக்க வைத்த பிறகு காதோடு சொன்னார். "அடிக்கிறதுக்கு முந்தி பின்னால ஒருத்தன், 'மச்சான், தள்ளுங்க'ன்னு சொன்னான்டீ. அந்தக் கொரல்." பிறகு, "அவன விட்ரு. சின்னப் பய" என்றார்.

சின்னப் பயலாம். இருபத்திரண்டு வயது. நம் அம்மாவும் அவன் அம்மாவும் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். அவிசாவளையில் இறங்கும்போது அவனுடைய ஜன்னல் சீட்டைக் கோகிலாவுக்குக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறான், தெரியுமா? அவள் அந்தச் சீட்டில் இருந்து கொழும்பு பார்த்தாள்.

செவ்வாய் விடிய லயத்துத் தண்ணீர்ப் பீலியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் பிடிக்க வேறு யாரும் வரவில்லை. நான் வாளிக்குள் கத்தியை வைத்துக்கொண்டு போனேன்.

"கிருஷாந்த்."

திரும்பினான். வாளியைப் பார்த்தான். ஓடவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"அக்கா, மண்ண மட்டுந்தான் வெட்டுறோம்னு சொன்னாங்க. லயத்துல ஒரு ஆளும் இருக்க மாட்டாங்கன்னாங்க. கஜே அண்ணந்தான காவல் வேணாம், எல்லாரும் வாங்கன்னு சொன்னாரு."

"அலவாங்கு யாரு கையில இருந்திச்சு?"

"நான் அடிச்சு விழுத்தாட்டி பெக்கோவ மேல ஏத்திருப்பாங்கக்கா. கால்ல அடிச்சா விழுந்து ஒதுங்கிடுவாருன்னு நெனச்சேன். அம்மா மேல சத்தியமா."

"அப்புறம் கைய வெட்டும்போது?"

தரையைப் பார்த்தான். அதற்குத்தான் வீசினேன். கழுத்துக்குத்தான் வீசினேன், உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அவன் கையைக் குறுக்கே போட்டான். முழங்கைக்குக் கீழே எலும்புவரை போனது. கத்தி சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன், அவனும் சேர்ந்து வந்தான். பீலித் தண்ணீர் சிவந்து ஓடையில் போனது. இரண்டாவது தடவை ஓங்கினேன். அதற்குள் கருப்பாயி சித்தி ஓடி வந்து என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துத் தரையில் இழுத்துப் போட்டு, என் தோளைக் கடித்துவிட்டாள். அவளுக்கு நான் பிள்ளை மாதிரி. கடித்த வாயோடு அழுதாள்.

அவன் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புல்லு வெட்டுகிற மெஷின் பட்டது என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டான். பக்கத்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மச்சான் அங்கே இருக்கிறார், பொலிசும் வரும். ஆக, அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் சித்தி என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஒன் புருசன் கை போச்சு. என் மவன் கையும் போச்சு. நரம்பு அந்து போச்சாம், இனி விரல மடக்க மாட்டான். போதுமாடீ? அவன் ஒன் பேரச் சொல்ல மாட்டான். ஒன் தம்பியும் அவன் பேரச் சொல்லக் கூடாது. கோட்டுல எவன் பேரும் வேணாம். நம்ம சட்டிய நம்மளே கழுவிக்கலாம்."

சரி என்றேன். மச்சானும் சரி என்றார். லயத்தில் எல்லோரும் சரி என்கிறார்கள்.

ஆகவே வராதே. பதினெட்டாம் திகதி கொழும்பிலேயே இரு. நீ அவன் பேரைச் சொன்னால் அவன் கையைக் காட்டுவான். நான் மறியலுக்குப் போவேன். கோகிலாவை யார் பார்ப்பது என்று கேட்டவன் நீதானே.

இங்கே வேறு புதினம் இல்லை. நம் தோட்டத்துக் கீழ் டிவிசன்காரர்களுக்கு ஜூலை போயாவுக்கு தெஹிவளை மிருகக்காட்சிசாலை பார்க்க இலவச பஸ் வருகிறதாம். டிக்கட்டும் முதலாளி செலவாம். பிள்ளைகள் இப்போதே யானை, ஒட்டகம் என்று குதிக்கிறார்கள். அங்கே லயத்துக்குப் பின்னால் ஓடை ஓரம் முழுக்க வல்லாரையும் வாழையும்.

விஜயகலா

•

கொழும்பு
2025 ஜூன் 12

அக்கா,

உன் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் லிப்டின் கூரை மேல் உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பத்தியை நீ எழுதிய விதம்! "வேறு புதினம் இல்லை" என்று எழுதிவிட்டு, எந்தச் செய்திக்காக அழ வேண்டுமோ அதை எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கே தெரியவில்லையா, அல்லது தெரிந்துதான் கடைசியில் போட்டாயா? உன்னைக் கேட்டால் சொல்ல மாட்டாய்.

கீழ் டிவிசனில் நாற்பது குடும்பம். எவனாவது ஒருவன் அங்கேயும் பெக்கோவுக்கு முன்னால் கையை விரித்து நிற்பான். சசி மச்சானுக்கு நான் ஆம்புலன்ஸ் அனுப்பினேன். அவனுக்கு யார் அனுப்புவது?

சித்தியின் ஒப்பந்தம் யாருக்கு நல்லது என்று யோசித்தாயா? மச்சான் கைக்குக் கிருஷாந்த் கை சரி. உனக்கும் சித்திக்கும் சரி. முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை. நீங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டீர்கள், அவர் அடுத்த பஸ்ஸுக்கு டீசல் அடிக்கிறார்.

நேற்றுக் கிருஷாந்துக்குப் போன் எடுத்தேன். எடுத்தான்.

"அண்ணே, நான் சொன்னா என்னையக் கொன்னுடுவாங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி... அடுத்த பஸ்ஸுக்கும் நாந்தான் ஆள் சேக்கணுமாம். கட்டுப் போட்ட கையோட வீடு வீடாப் போறேன்."

"போகாதடா நாயே."

"போகாட்டி அம்மாவ லயத்தோட கொளுத்துவாங்களாம்."

அவன் அழுதான். நான் வைத்துவிட்டேன். அவன் மேல் எனக்குப் பாவம் வரவில்லை. மச்சானின் கையைக் கல்லில் வைத்தபோது அவன் அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றான், நான் பார்த்தேன். ஆனால் அவன் சொன்னால்தான் முதலாளி உள்ளே போவார். நான் அவன் பேரைச் சொல்லி அவனைக் கூண்டில் ஏற்றினால்தான் அவன் சொல்வான்.

நான் பேரைச் சொன்னால் உன் கத்தியும் வெளியே வரும். தெரியும். கழுத்துக்கு வீசியதாக நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கடிதத்தை எரித்துவிட்டேன். அதற்கு மேல் உன்னை நான் மறைக்க மாட்டேன். இதைப் படித்துவிட்டு நீ என்னைச் சபிப்பாய். சபி.

ஐஸ்கிரீம் விசயத்தில் இனி வாதாட மாட்டேன். அன்றைக்கு நான் பார்த்ததை உன்னிடம் மூன்று மணித்தியாலம் மறைத்தேன். இந்தத் தடவை ஆறு நாள் முன்னதாகச் சொல்கிறேன். ஸாஜித் நானா நாளைக்கு இதை உன் கையில் தருவார். நான் செய்யப் போவது இவ்வளவு:

1. பதினாறாம் திகதி வேலையிலிருந்து லீவு. தராவிட்டால் வேலையை விட்டு நின்றுவிடுவேன். லிப்ட் எங்கேயும் பழுதாகும்.

2. பதினேழாம் திகதி இரத்தினபுரியில் சட்டத்தரணி சுகந்தியைப் பார்ப்பேன். பேசிவிட்டேன். அவர் சொல்வது: நீயே முந்திப் போய், இன்ன காரணத்துக்கு வெட்டினேன் என்று சொன்னால் பிணை கிடைக்க வழி உண்டு, பொலிஸ் இழுத்துக்கொண்டு போனால் கஷ்டம். வருவதும் வராததும் உன் இஷ்டம். காலை பத்து மணிக்கு அவருடைய காரியாலய வாசலில் நிற்பேன்.

3. பதினெட்டாம் திகதி கோட்டில் கிருஷாந்தின் பேரைச் சொல்வேன். முழுப் பேரும், தகப்பன் பேரும், லயத்து இலக்கமும். பிறகு முதலாளியின் பேர்.

4. வாசலில் எவனாவது மறித்தால் அடிப்பேன். ஸ்பேனரை உள்ளே விட மாட்டார்கள், வெளியே வரும்போது திருப்பித் தருவார்கள்.

5. சித்தியை அன்றைக்கே லயத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் ஸாஜித் நானா வீட்டில் விடுவேன். அவர் மனைவி அம்ரா சம்மதித்துவிட்டார். சித்தி என்னைக் கடிப்பார். கடிக்கட்டும்.

6. கீழ் டிவிசனுக்குப் போய் ஒவ்வொரு கதவிலும் தட்டி, என் வாயைத் திறந்து காட்டுவேன். பிள்ளைகள் அழுவார்கள். யானை பார்க்கப் போக வேண்டாம் என்று நானே சொல்ல வேண்டும்.

7. உன்னை உள்ளே போட்டால், நீ வரும் வரை உன் அறையில்தான் இருப்பேன். காலையில் கோகிலாவுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவேன். மச்சானுக்கு என் கையால் சோறு ஊட்டுவேன். என் முகத்தில் துப்புவார். துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுவேன்.

கஜேந்திரன்